செலவும் வில்லையும்

செலவு என்னுஞ் சொல் பழந்தமிழிற் பயணத்தைக் குறித்தது. இக்காலத்தில் அது பணம் கையைவிட்டுப் போவதைக் குறிக்கின்றது. நிழற்படம் எடுக்கும்பொருட்டு ஊர்விட்டுப் புறப்படுவார்க்கோ இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. ஏரியும் புள்ளும் காணச் செல்லும் இளைஞர், எந்நாளிற் செல்வது, எங்கே நிற்பது என்று ஒரு நாழிகை பேசுவராயின், எந்த லென்ஸை வாங்குவது என்று ஒரு திங்கள் பேசுகின்றனர். பேச்சின் முடிவில் வெல்வது பெரும்பாலும் கடைக்காரர் சொல்லே. வரும் மார்கழி விடுமுறையில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைப் புகலிடத்திற்குச் செல்லக் கருதியுள்ள எம் நண்பர் பதின்மரிடையேயும் இவ்வழக்கு எழுந்தது. அதுபற்றி யாம் கொண்ட கருத்தை இவண் வரைகின்றோம்.

எமது ஊர் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்றது என்பதைப் பலரும் அறிவர். அங்கே தொழில் செய்வார் எவரும், 'நல்ல மண் எது?' என்று பொதுப்படக் கேட்பதில்லை. எப்பொருள் செய்வதற்கு என்றே முதற்கண் வினவுவர். தேநீர்க் கோப்பைக்கு வேண்டுங் கலவை வேறு. மின்கம்பத்தில் ஏறும் பீங்கானுக்கு வேண்டுங் கலவை வேறு. லென்ஸ் என்னும் வில்லையைப் பற்றியும் இவ்வாறே கேட்டல் முறையாயிருக்க, 'சிறந்த வில்லை எது?' என்று கேட்பது ஏனோ நம்மவர் வழக்கமாய்விட்டது.

வில்லையின் இயல்பு அதன் குவியத்தூரத்தைப் பொறுத்தது. 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடைய ஒளியேற்கும் தகட்டைக் கொண்ட காமிராவில், 24 மில்லிமீட்டர் வில்லை மூலைக்கு மூலை ஏறக்குறைய 84 பாகை காணும். 50 மில்லிமீட்டர் வில்லை 47 பாகை காணும். 400 மில்லிமீட்டர் வில்லையோ 6 பாகையளவே காணும். முன்னது ஏரியையும் கரையையும் வானத்தையும் ஒருசேர வாரிக்கொள்ளும். பின்னது அவ்வேரியின் நடுவே நிற்கும் ஒரு நாரையை மட்டும் பற்றிக்கொண்டு மற்றெல்லாவற்றையும் விட்டுவிடும். ஆகவே நிலக்காட்சிக்கு அகன்ற வில்லை, விலங்கு புள்ளினங்களுக்கு நீண்ட வில்லை என்பது பொதுவிதி. இதை அறியாதார் சிலரே. அறிந்த பின்னரும் பிழைபடுவதற்குக் காரணம், முன்னதற்கு வேண்டாத பணத்தைச் செலவிட்டு, பின்னதற்கு வேண்டிய பணத்தைச் சுருக்கிக்கொள்ளுதலே.

நிலக்காட்சிக்குரிய அகன்ற வில்லை ஏற்கனவே ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்றது. கைப்பேசியின் முதன்மை வில்லை, பெரிய காமிராவில் 24 அல்லது 26 மில்லிமீட்டர் வில்லை காட்டும் பரப்பையே பெரும்பாலும் காட்டுகின்றது. காமிராவுடன் கூடவே விற்கப்படும் 18–55 வில்லையும் இதற்குப் போதும். நிலக்காட்சி அசையாது நிற்பது; அதற்கு விரைவு வேண்டா; முக்காலியின்மேல் காமிராவை நிறுத்தி, எஃப் 8 என்னும் அளவிற்குத் துளையைச் சுருக்கினால், எளிய வில்லையும் விலையுயர்ந்த வில்லைக்கு மிக அணுக்கமான படத்தைத் தரும். பெரிய தகட்டில் 24 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 8-இல் வைத்து, இரண்டரை மீட்டர் தொலைவிற் குவித்தால், காலடியிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கு அப்பாலுள்ள கோரைப்புல் முதல் அடிவானம் வரை யாவும் தெளிவாக விழும். இதற்கு வேண்டுவது பொருளன்று, விடியுமுன் எழுதலே.

இனி நீண்ட வில்லையின் செய்தி. ஒரு சிறு கணக்கை நண்பர்கள் பொறுமையுடன் நோக்குவாராக. மஞ்சள்மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுடையது. அது 50 மீட்டருக்கு அப்பால் நிற்பதாகக் கொள்வோம். 400 மில்லிமீட்டர் வில்லையால் அதனைப் பிடித்தால் தகட்டின்மேல் அதன் உருவம் 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அதாவது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதே உருவளவை 55 மில்லிமீட்டர் வில்லையாற் பெற விரும்புவார் நாரைக்கு 7 மீட்டர் அளவிற்கு நெருங்கிச் செல்லுதல் வேண்டும். ஏழு மீட்டர் என்பது எம் வகுப்பறையின் நீளத்திலும் குறைவு. அவ்வளவு அணுகும்வரை எந்த நாரை நமக்காகக் காத்துநிற்கும்?

எம் கருத்தெல்லாம் இவ்விடத்தே அடங்கியது. தூரத்தை வகுப்பது புள், நாமல்லேம். வில்லையின் குறையைக் காலால் நிரப்ப முயல்பவன் படத்தையும் இழக்கின்றான், புள்ளுக்குந் தீங்கு செய்கின்றான். கூட்டிலிருக்கும் தாய்ப்பறவை அஞ்சி எழுமாயின் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். கரைவெட்டிக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துக்கள் இமயங்கடந்து வருவன; மீண்டும் கடந்து போகவேண்டியன. மேய்ந்து சேர்த்த வலிமையை ஒருவன் படத்திற்காக அவை பறந்து பறந்து வீணாக்குதல் தகுமா? ஏரிக்கரையொன்றில் ஒருவர், பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டிக் கூட்டத்தையே எழுப்பியதை யாம் கண்டிருக்கின்றோம். அவர் தோளில் தொங்கியதோ குட்டை வில்லை. எழுந்த கூட்டம் அவர் படத்திற் கொசுக்கூட்டமாகவே விழுந்திருக்கும்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஊரார், தம் கண்மாய்க்கு வரும் புள்ளினம் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சிறுவர்களின் பண்டிகை இன்பத்தையே விட்டுக்கொடுக்கின்ற அவர்கள் உள்ள நாட்டில், படம் எடுப்பவர் நாற்பது அடி பின்னே நிற்க மனமின்றி இருத்தல் நாணத்தக்கது. ஆதலால் நீண்ட வில்லையை ஆடம்பரம் என்று ஒதுக்குவார் கூற்றை யாம் ஒப்பவில்லை. கரைவெட்டி போன்ற இடத்தில் அது மரியாதையின் கருவி.

எனினும் நீண்ட வில்லை என்றவுடன் விளையாட்டுத் திடல்களிற் காணும் வெண்ணிறப் பீரங்கியை நண்பர் சிலர் மனத்திற் கொள்கின்றனர். அதன் வெண்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. நீண்ட வில்லைகளில் நிறங்கள் பிரிந்து ஓரங்களில் மங்கல் தோன்றுதலை ஒழிக்கப் புளோரைட் என்னும் படிகத்தைக் கேனன் நிறுவனத்தார் 1969-இல் வெளியிட்ட 300 மில்லிமீட்டர் வில்லையிற் பயன்படுத்தினர். அப்படிகம் வெப்பத்தால் எளிதில் வேறுபடுமாதலின், வெயிலைத் திருப்பும்பொருட்டு இத்தகைய வில்லைகளின் உடலுக்கு வெண்பூச்சு அமைந்தது. அதைக் கண்டு மயங்கவேண்டா. 400 மில்லிமீட்டர் வில்லை எஃப் 2.8 அளவு ஒளி பெற அதன் முகம் 143 மில்லிமீட்டர் அகன்றிருத்தல் வேண்டும், எஃப் 5.6 போதுமென்றால் 71 மில்லிமீட்டர் போதும். முன்னது நான்கு மடங்கு ஒளி தரும் என்பது மெய்யே. ஆனால் அஃது ஏறத்தாழ 3 கிலோ எடை. விலையோ எம்மனோர் பல்லாண்டுக் கல்விக் கட்டணம். கரைவெட்டி வெட்டவெளி ஏரி. அடர்காட்டின் இருள் அங்கில்லை. 100–400 வகை வில்லையொன்று அங்கே போதும். சிறிய தகடுடைய காமிராவிற் பூட்டினால் அதன் 400 மில்லிமீட்டர் முனை 600 மில்லிமீட்டர் போலவே தோற்றும்.

ஒன்று சொல்ல மறத்தலாகாது. முற்பகல் பத்து மணிக்குப் பின்னர் ஏரியின்மேல் காற்று சூடேறி நெளியத் தொடங்கும். அந்நெளிவினூடே நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள புள்ளை எவ்வளவு விலைமிக்க வில்லையாற் பிடித்தாலும் உருவம் கலங்கியே விழும். வில்லையைக் குறைகூறிக் கடைக்குத் திரும்புவார் பலர், உண்மையிற் குறைகூறவேண்டுவது தம் துயிலையே.

தமிழ் பயில்வார்க்கு இதில் வேறொரு நோக்கும் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். புள்ளும் விலங்கும் மரமும் கருப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. இன்று பரிசு பெறும் பறவைப் படங்கள் பலவற்றில் கருப்பொருள் உண்டு, முதற்பொருள் இல்லை. இறகின் ஒவ்வோர் இழையும் தெரிகின்றது. பின்னணியோ மங்கிய பச்சைப்பூச்சு. அப்புள் நெய்தற்கண் இருந்ததோ மருதத்தில் இருந்ததோ, காலையோ மாலையோ யாதும் அறியோம். விலங்குக்காட்சிச் சாலையிலும் அப்படத்தை எடுத்திருக்கலாம் போலும்! நீண்ட வில்லையைக் கையில் உடையோரும் அதனைச் சற்றே பின்னிழுத்து, 100 அல்லது 200 மில்லிமீட்டரில் வைத்து, நாரையைச் சிறிதாகவும் ஏரியைப் பெரிதாகவும் காட்டுவாராயின் அதுவே நம் மரபுக்கு ஒத்த படமாகும். நிலம் வேறு, உயிர் வேறு என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்தது கடைக்காரர் பட்டியல். நம் முன்னோர் அங்ஙனம் பிரித்திலர்.

இதற்கு எம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பல கருவிகளின் உறுப்புக்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான காமிராவிற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். முதுமலை முதலிய காடுகளில் அவர் எடுத்த யானைப் படங்களில் யானையோடு காடும் நிற்கின்றது. புதுக் கருவி வெளிவருந்தோறும் பழையதை விற்கத் துடிப்பார் அப்படங்களை ஒருமுறை நோக்குவது நன்று.

ஆகவே எம் நண்பர்க்கு யாம் உரைத்தது இது: பதின்மரும் தனித்தனியே மலிவான வில்லை வாங்கவேண்டா. வாடகைக்கு ஒரு 100–400 வில்லையும், உறுதியான முக்காலி ஒன்றும், பைனாகுலர் இரண்டும் கூட்டுப் பணத்திற் கொள்வோம். நிலக்காட்சிக்கு அவரவர் கையிலுள்ளதே அமையும். 'பத்துப் பேருக்கு ஒரு வில்லையா? வாத்து எழும்பும் வேளையில் அஃது எவன் கையில் இருக்கும்?' என்று ஒரு நண்பர் வெகுண்டு வினவினார். வினா நேரியதே. சிலர்க்கு அந்நொடி தவறும். தவறுவார் பைனாகுலரில் வாத்தைக் கண்ணாரக் காண்பர். முறை வந்தவரோ காமிராவின் திரையிற் காண்பர். இருவருள் எவர் நன்கு கண்டவர் என்பதைத் திரும்பி வரும் இரயிலில் வழக்காடலாம். மீன்கொத்தி நீரில் பாயும் கணத்தை விடியற்கருக்கலிற் பிடிக்க விழைவார்க்கு இவ்வேற்பாடு உதவாது என்பதையும் மறைக்கவில்லை. அவர்க்கு விரைவும் பேரொளியும் கொண்ட வில்லையே வேண்டும். அவர் எம்மோடு வருதல் வீண்.

கரைவெட்டி ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. 2024 சனவரியில் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. விருத்தாசலத்திலிருந்து அரியலூர் வரை இரயிலுண்டு; அதற்குமேல் சாலை. எண்மர் எம் ஏற்பாட்டிற்கு இசைந்தனர். ஒருவர் தம் தமையனாரின் வில்லையைக் கொணர்வதாகக் கூறுகின்றார். முக்காலியை எவர் சுமப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.