கருவி வாங்கலாம், கைத்திறனை?

எண்ணெய் எடுக்கப் பணம் வேண்டும், இயந்திரம் வேண்டும் என்று பேசுவோர் பலர். வேண்டும்தான். பணத்தைக் கடனாகப் பெறலாம். இயந்திரத்தைக் கப்பலில் வரவழைக்கலாம். மூவாயிரம் மீட்டர் ஆழத்திலே பாறை என்ன செய்கிறது என்பதை, மேலே வரும் சேற்றின் கனத்தையும் குழாயின் அதிர்வையும் கொண்டே கண்டறியும் மனிதனை எந்தத் துறைமுகத்தில் இறக்குமதி செய்வது?

1956-ஆம் ஆண்டு இந்திய நாடு இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. அஸ்ஸாமின் டிக்பாயில் 1889-லேயே எண்ணெய் கண்டாயிற்று. 1957-க்குள் பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சுத்திகரிப்பு ஆலைகளை எழுப்பிவிட்டன. ஆலை நம் மண்ணில் நின்றது. கலையோ கம்பெனியின் இரும்புப் பெட்டியில் கிடந்தது.

அந்தப் பெட்டியைத் திறக்கத் துணிந்தவர் அமைச்சர் கேசவ தேவ மாளவியா. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் அவர் முயற்சியில் 1956-இல் பிறந்தது. சோவியத் நாட்டு மண்ணியல் அறிஞர்கள் வந்தனர். ருமேனியத் துரப்பணக் கருவி வந்தது. வந்தவர் ஒருநாள் திரும்பிச் செல்வர், அப்போது அறிவும் அவரோடு கப்பலேறிவிடக் கூடாது என்ற விழிப்பும் கூடவே இருந்தது. நம் இளைஞர்கள் அருகில் நின்று கற்றனர். 1958-இல் காம்பேயிலும் 1960-இல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் கண்டனர். 1962-இல் டேராடூனில் ஆராய்ச்சி, பயிற்சிக் கழகம் எழுந்தது. 1970-இல் அலியாபெட்டில் முதல் கடற்கிணற்றைத் தோண்டினர். அங்கே புதையல் கிட்டவில்லை, பாடம் கிட்டியது. 1974-இல் பம்பாய் ஹை கண்டறியப்பட்டபோது ஆணையத்திற்கு வயது பதினெட்டே. பிள்ளை கல்லூரி வாயிலை மிதிக்கும் வயது!

அப்படி வளர்ந்த நிறுவனத்தின் தலைமை நாற்காலி 2021-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் காலியாயிற்று. ஜூன் மாதத்தில் தேர்வு வாரியம் ஒன்பது பேரை நேர்கண்டது. அவர்களுள் இருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். ஒருவர்கூடத் தகுதியுடையவர் அல்லர் என்று வாரியம் கைவிரித்தது! இடைக்காலப் பொறுப்பாளர்களைக் கொண்டே ஏறத்தாழ இருபது மாதங்கள் ஓடின. 2022 டிசம்பரில், வேறோர் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பணி ஓய்வு பெற்றிருந்தவரை அழைத்து அமர்த்தினர். அவரது திறமை பற்றி நமக்கு ஐயமில்லை. நம் வழக்கு அவர்மேல் அன்று. அறுபத்தைந்து ஆண்டுகள் ஆட்களை வளர்த்த வீட்டிலே, தலைமை ஏற்க ஒருவரும் இல்லை என்பது மெய்யா? மெய்யானால், வளர்ப்பதை நிறுத்தியவர் யார்? பொய்யானால், இருந்தவரைக் காணாமற்போன கண் யாருடையது? எந்த விடை சொன்னாலும் பொறுப்பு டில்லியின் வாசலிலேதான் போய் நிற்கும்.

மேலே நாற்காலி இப்படி. கீழே மேடை எப்படி? 2020 மே 27-இல் அஸ்ஸாமின் பாக்ஜானில், பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்த கிணறு கட்டுமீறி வாயுவைக் கக்கியது. கிணறு அரசு நிறுவனத்தினுடையது. வேலையோ தனியார் ஒப்பந்தக்காரரிடம். ஜூன் 9-இல் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் இருவர் மாண்டனர். ஆயிரக்கணக்கான மக்கள் வீடு துறந்து முகாம்களில் ஒதுங்கினர். சிங்கப்பூரிலிருந்து வல்லுநரை அழைத்தும், தீ அடங்க நவம்பர் ஆயிற்று.

ஒப்பந்தத் தொழிலாளி திறமையற்றவன் என்று நாம் சொல்லமாட்டோம். ஒப்பந்தம் முடிந்தால் அவன் வேறு ஊருக்குப் போகிறான். அவன் கண்டறிந்த பாடமும் மூட்டையோடு போய்விடுகிறது. துரப்பண மேடையிலே குழாய் பிடிப்பவன், பின் கோபுர உச்சியில் நிற்பவன், பின் பிரேக்கைப் பிடிக்கும் டிரில்லர், அதன்பின் மேடைக்கே பொறுப்பாளர் என்று ஏறிய ஏணி அது. ஏணியின் கீழ்ப்படிகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, உச்சிக்கு ஆள் இல்லையே என்று விளம்பரம் செய்கிறார்கள். வேடிக்கையான நிர்வாகம்!

தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இது. ஆகவே நாடாளுமன்றத்திலே நம்மவர் கேட்கவேண்டியது உற்பத்திக் கணக்கை மட்டுமன்று. அரசு எண்ணெய் நிறுவனங்களின் துரப்பண மேடைகளில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்? கிணறு கட்டுமீறினால் அடக்கும் பயிற்சி அவருள் எத்தனை பேருக்கு அளிக்கப்பட்டது? ஒப்பந்தத்தில் நுழைந்தவர் நிரந்தரப் படியில் ஏற வழி உண்டா? கணக்கை மேசைமேல் வைக்கட்டும், மேற்கொண்டு பேசுவோம்.