எண்ணெய் காக்கும், வளர்க்குமா?

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று மதுரைச் சங்கத்தில் சிவபெருமானோடு நக்கீரர் வாதாடிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வாதமாவது நெற்றிக்கண்ணோடு முடிந்தது. ‘கூந்தலுக்கு எந்த எண்ணெய் நல்லது?’ என்ற வாதமோ நம் வீட்டுக் கூடங்களில் இன்னும் முடிந்தபாடில்லை. “நல்லெண்ணெய்க்கு நிகர் உண்டா?” என்பார் மாமியார். “தேங்காயெண்ணெய்தான் முடிக்கு ஏற்றது” என்பாள் மருமகள். கல்லூரிக்குப் போகும் பேத்தியோ, “எண்ணெயே வேண்டாம், பாட்டி! முகமெல்லாம் வழிகிறது. எனக்குக் கண்டிஷனர் போதும்” என்பாள்.

வேடிக்கை என்னவென்றால், மூவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், தலையில் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூந்தலில் உயிருள்ள பகுதி தோலுக்குள் புதைந்திருக்கும் வேர் மட்டுமே. வெளியே நாம் வாரிப் பின்னிப் பூச்சூடும் இழை, நகத்தைப் போல உயிரில்லாதது. கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மேற்புறத்தில் மீனுக்கு இருப்பது போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. செதில்கள் ஒழுங்காகப் படிந்திருந்தால் கூந்தல் பளபளக்கும். அவை நிமிர்ந்துகொண்டாலோ உதிர்ந்தாலோ சொரசொரப்பும் சிக்கும் நுனிப்பிளவும் வந்து சேரும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளருகிறது. 72 சென்டிமீட்டர் நீளக் கூந்தல் ஒருத்திக்கு இருந்தால், அதன் நுனிக்கு வயது 6! வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறவளானால், அந்த நுனி இதுவரை 600 தடவைக்கு மேல் நனைந்து, தேய்பட்டு, துவட்டப்பட்டு, சீப்பிலும் சிக்கியிருக்கிறது. பட்டு இழையும் புரதந்தான். ஒரு பட்டுப் புடவையை 600 தடவை தோய்த்தால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று நினைத்துப் பாருங்கள். நம்முடைய கூந்தல் இவ்வளவு தாங்குவதே பெரிது அல்லவா?

தண்ணீர் பட்டதும் முடி அதை உறிஞ்சிக்கொண்டு உப்புகிறது. காய்ந்ததும் சுருங்குகிறது. இப்படி உப்பி உப்பிச் சுருங்குவதால் செதில்கள் தளர்ந்துபோகின்றன. ஈரத்தோடு அழுத்தி வாரினால் தளர்ந்த செதில்கள் பெயர்ந்து, புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது. எண்ணெயின் உபயோகம் இங்கேதான் தொடங்குகிறது.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி, லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் அணுக்கோவை சிறியது. வளைவு இல்லாமல் நேரானது. கூட்டமான பஸ்ஸில் ஒல்லியான ஆசாமி எப்படியோ உள்ளே புகுந்துவிடுகிறார் அல்லவா? அதுபோல இந்த எண்ணெய் செதில்களைக் கடந்து முடிக்குள்ளேயே போய்விடுகிறது. உள்ளே எண்ணெய் இருப்பதால் தண்ணீர் அதிகம் புகுவதில்லை. முடியும் அவ்வளவாக உப்புவதில்லை. 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் ஆகிய மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். புரத இழப்பை நன்றாகக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். ஆராய்ந்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மும்பை நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், இந்த எண்ணெய் முடிக்குள் புகுகிறது, மினரல் ஆயில் புகுவதில்லை என்பது 2001-இலேயே அமெரிக்காவில் நடந்த சோதனை ஒன்றிலும் தெரியவந்தது.

அப்படியானால் மாமியாரின் நல்லெண்ணெய்? அதிலுள்ள அமிலங்களில் பெரும்பகுதி நீளமானவை, வளைந்தவை. ஆகவே அது பெரும்பாலும் முடியின் மேலே படிந்து வழவழப்பைத் தருகிறது. சிக்கெடுக்கும்போது சீப்பு இழுபடாமல் போவதற்கு அதுவும் உதவிதான். விளக்கெண்ணெய் இன்னும் கெட்டி. அதைத் தனியாகப் பூசிக்கொண்டால் அலசி எடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். வேண்டுமானால் தேங்காயெண்ணெயோடு சிறிது கலந்துகொள்ளலாம்.

இவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது ஒன்று: எண்ணெய், குளிப்பதற்கு முன்னால் பூச வேண்டிய பொருள். குளித்து, உலர்த்தி, வெளியே கிளம்பும்போது வழிய வழியத் தடவினால் தெருப் புழுதி முழுவதும் தலையில் வந்து உட்காரும். முந்தின இரவிலோ, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு, கூந்தலின் நடுவிலிருந்து நுனிவரை நீவி விடுங்கள். அதிகம் அடிபட்டிருப்பது நுனிதானே? நாமோ உச்சியில் குடம் போல எண்ணெயைக் கவிழ்த்து, நுனியை மறந்துவிடுகிறோம்!

எண்ணெய் எடுக்கச் சீயக்காய் நல்லதுதான். அதில் நுரைக்கும் பொருள் சபோனின். ஷாம்பூவானாலும் குற்றமில்லை. உடம்புக்குப் போடும் சோப்பை மட்டும் தலைக்குப் போடாதீர்கள். அதன் காரத் தன்மை செதில்களை நிமிர்த்திவிடும்.

இனிப் பேத்தியின் கட்சிக்கு வருவோம். எண்ணெய் வேறு, ஈரப்பசை வேறு. எண்ணெயில் தண்ணீர் இல்லை. அது ஈரத்தைக் கொடுக்காது. முடியும் தண்ணீரும் கொஞ்சுவதையும் குலாவுவதையும் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். கண்டிஷனரின் வேலை வேறு விதம். அடிபட்ட முடியில் எதிர் மின்னூட்டம் இருக்கும். கண்டிஷனரில் நேர் மின்னூட்டம் உள்ள பொருள்கள் இருக்கின்றன. ஆகவே எங்கே அடிபட்டிருக்கிறதோ அங்கே போய் அவை ஒட்டிக்கொண்டு, செதில்களைப் படியவைக்கின்றன. ஷாம்பூ போட்டு அலசிய பிறகு, நுனிப் பக்கத்தில் மட்டும் தடவி, இரண்டு நிமிஷம் வைத்திருந்து அலசிவிட வேண்டும். ஊறவைத்து அரைத்த வெந்தயத்திலும், செம்பருத்தி இலையிலும் உள்ள வழவழப்பும் சிக்கு விழாமல் இருக்க உதவுகிறது. கடையில் வாங்கினால்தான் ஆகும் என்பதில்லை.

கிளிசரின் கலந்த பூச்சுகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொடுப்பவை. சென்னையைப் போலக் கடற்காற்று அடிக்கும் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? அங்கே இவற்றை அதிகம் பூசினால் முடி உப்பிக்கொண்டு பறக்கும். ஒருத்திக்குப் பிடித்த புட்டி இன்னொருத்திக்குப் பிடிக்காமல் போவதற்கு ஊரும் ஒரு காரணம். முடியின் வாகு இன்னொரு காரணம். சுருட்டை முடியில் தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்குவதில்லை. அவர்களுக்கு எண்ணெயும் கண்டிஷனரும் தாராளமாகவே வேண்டும். நேரான, மெல்லிய முடிக்குச் சில சொட்டு போதும். மிஞ்சினால் முடி படுத்துவிடும். சாயம் பூசிய முடி சல்லடை போலத் தண்ணீரை உறிஞ்சும். அதற்குக் குளிப்பதற்கு முன் எண்ணெய் கட்டாயம்.

பொடுகு உள்ளவர்கள் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘தலை வறண்டுவிட்டது’ என்று எண்ணி மேலும் மேலும் எண்ணெயைத் தேய்ப்பது நம் வழக்கம். பொடுகில் பங்குகொள்ளும் ஒரு நுண்ணிய காளானுக்குக் கொழுப்புத்தான் ஆகாரம். இரவெல்லாம் எண்ணெயை ஊறவிடுவது அதற்கு விருந்து வைப்பதாகும்! அவர்கள் தலைத்தோலை விட்டுவிட்டு முடியில் மட்டும் பூசிக்கொள்ளலாம். பொடுகுக்கு உரிய மருந்து ஷாம்பூவை மருத்துவரைக் கேட்டு உபயோகிக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணெய் கூந்தலைக் காக்கும் விதம். கூந்தலை அது வளர்க்குமா? வேருக்கு ஆகாரம் ரத்தத்தின் வழியாகப் போகிறதே தவிர, எண்ணெயின் வழியாகப் போவதில்லை. “நான் இந்தத் தைலத்தைத் தேய்த்த பிறகுதான் முடி கொட்டுவது நின்றது” என்று சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. கடுமையான ஜுரமோ பிரசவமோ ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிர்வது உண்டு. சில மாதங்களில் பெரும்பாலும் அது தானே நின்று, முடி மறுபடி முளைக்கும். உதிர்வது உச்சத்தில் இருக்கும்போது தைலம் வாங்குகிறோம். அது தானாக நிற்கும்போது தைலத்துக்குப் பெயர் வந்துவிடுகிறது! புட்டிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தது பிள்ளை பெற்றவள், புகழ் தைலக்காரருக்கு.

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் தைலத்தை நம்பி உண்மையான காரணத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோமே, அதுதான் வருத்தம். தினம் 50 முதல் 100 முடிவரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. அதற்கு மேல் மாதக்கணக்கில் உதிர்ந்து, வகிடு அகன்றுகொண்டே போனால், உடம்பில் இரும்புச் சத்துக் குறைந்திருக்கலாம். தைராய்டுக் கோளாறாகவும் இருக்கலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி, மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று இருக்கும். அதையெல்லாம் ‘வீட்டு வேலை அதிகம்’ என்று தள்ளிவிடுவோம். சீப்பில் முடியைப் பார்த்தால்தான் நமக்குக் கவலை வருகிறது. அந்தக் கவலையாவது நம்மை எண்ணெய்க் கடைக்குப் பதில் மருத்துவரிடம் அழைத்துப் போனால் நல்லது. ஒரு ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்துவிடக்கூடும்.

ஆகவே, சகோதரிகளே, வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விட்டுவிடாதீர்கள். பெண்ணைத் திண்ணையில் உட்காரவைத்து, நுனிவரை நீவி எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி விடுங்கள். ஈரம் காய்ந்த பிறகு பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுங்கள். பிறகு ஒரு கவளம் முருங்கைக்கீரைச் சாதத்தை அவள் தட்டில் கூடுதலாகப் போடுங்கள். உங்கள் தட்டிலும்தான்! வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளின் கூந்தலுக்கு எந்தத் தைலக்காரரும் ஜவாப்தாரியாக முடியாது.