புறப்பாட்டின் கணக்கு

பிற்பகலில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தின் மேல் மேகம் கறுத்துத் திரளும்போது, கேம்பல் லேனில் மல்லிகைச் சரம் தொடுக்கும் அம்மையார் நார் தெரியாமல் தலைக்கு மேலுள்ள விளக்கைப் போடுகிறார். அதே நிமிஷத்தில் அடுக்குமாடிக் கூரைகளில் பரப்பிய சூரியத் தகடுகள் சோர்ந்துவிடுகின்றன. தேவை ஏறி வரத்து இறங்கும் இத்தகைய சந்தர்ப்பங்களுக்காகவே உச்சநேர மின்நிலையம் வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு இயற்கை வாயுவிலிருந்து பிறக்கிறது. அதில் பெரும்பகுதியைத் தரும் கூட்டுச் சுழற்சி நிலையங்கள் சிக்கனத்தில் சிரேஷ்டமானவை. ஆனால் அவற்றின் நீராவிப் பகுதி சூடேறக் காலம் பிடிக்கும். அப்பகுதியே இல்லாத ஒற்றைச் சுழற்சி டர்பைனோ வாயுவை அதிகம் தின்றாலும் நிமிஷக் கணக்கில் எழுந்துவிடும். 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்கு ஏறத்தாழ 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் தடைப்பட்டு, 38 நிமிஷங்களில் மீண்ட அனுபவம் நிமிஷங்களின் மதிப்பை நம் துறைக்கு நன்கு உணர்த்தியது. விற்ற யூனிட்டுக்கு மட்டுமே விலை பெறும் முதலாளி எப்போதோ ஓடும் யந்திரத்தில் பணம் போடத் தயங்குவது இயல்பாகையால், எரிசக்திச் சந்தை ஆணையம் தன் துணை நிறுவனமான மெராந்தி பவர் மூலம் ஜூரோங் தீவில் மொத்தம் சுமார் 680 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளுக்கான பொறுப்பை ஏற்றது விவேகமான தீர்மானம்.

இத்தகைய நிலையத்தைத் திட்டமிடுவோர் ஓடும் மணிகளைவிடப் புறப்படும் தடவைகளையே பிரதானமாக எண்ண வேண்டும் என்பது எமது திடமான அபிப்பிராயம். ஒவ்வொரு புறப்பாட்டிலும் குளிர்ந்த உலோகம் திடீரென்று தழலைச் சந்திப்பதால், டர்பைன் அலகுகளின் ஆயுள் அந்த எண்ணிக்கையாலேயே தேய்கிறது. நிறுத்திய பின்னரும், சூடான சுழலித்தண்டு தன் பாரத்தால் வளைந்துவிடாதபடி அதை மணிக்கணக்கில் மெல்லச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத நாளுக்கும் உழைப்பு உண்டு. அதற்கும் ஊதியம் ஒதுக்கப்பட வேண்டும்.

அண்டை அயலாருக்கும் இக்கணக்கே பொருந்தும். திருவாரூர் மாவட்டத்துக் கோவில்களப்பால் போன்ற கிராமத்தில், காவிரிப் படுகை வாயுவை நம்பி எழுந்த கூட்டுச் சுழற்சி நிலையத்தின் இடையறாத இரைச்சல் காதுக்குப் பழகிப்போகலாம். ஆனால் உச்சநேர நிலையம் நள்ளிரவில் திடீரென்று எழுப்பும் முழக்கம் ஒருநாளும் பழகாது. ஜூரோங் தீவில் இன்று அயலார் இல்லையே என்போர், மீனவக் குடிகள் வாழ்ந்த தீவுகளும் அடங்க ஏழு தீவுகளைக் கடல் தூர்த்து இணைத்தே அந்நிலம் உருவாயிற்று என்பதை மறத்தலாகாது. அவ்வாறு வெறுமையாக்கிய நிலம் எல்லாத் தேசங்களிலும் கிடைக்காது. கிடைக்க வேண்டுமென்று விரும்புவதும் முறையன்று.

ஆகவே கிராமப்புறத்தில் இடம் தேடும் நம் தோழர்கள், வருஷத்துக்கு எத்தனை புறப்பாடுகள், அவற்றுள் இரவில் எத்தனை என்ற எண்களை முதல் வரைபடத்திலேயே எழுதி, ஊர்ச்சபையில் வாசித்துக் காட்டுவார்களாக. சரம் தொடுக்கும் அம்மையாருக்கு அந்த யந்திரத்தின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. வேலிக்கு அப்பால் உறங்குபவருக்கோ, அது எத்தனை இரவுகள் தம்மை எழுப்பும் என்பது தெரிந்தாக வேண்டும்.