சாலைப் பண்பு பிறப்பில் வருவதன்று

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் எனத் தென்சென்னைப் புறநகர்களை ஊடறுத்துச் செல்வது ஜி.எஸ்.டி. சாலை. தொடர்வண்டியைப் பிடிக்க விரைவோர், கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திற்குச் செல்வோர், பள்ளி மாணவர், சரக்கு வாகனங்கள் என அனைவருக்கும் அதுவே வழி. தொலைவிலுள்ள திருப்பம்வரை சென்று மீள மனமின்றி எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களையும், நடுத்தடுப்பைத் தாண்டிச் சாலையைக் கடப்போரையும் அங்கு நாள்தோறும் காணலாம். "நம் மக்கள் இப்படித்தான், இவர்களைத் திருத்த இயலாது" என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அக்கூற்று உண்மைக்குப் பொருந்தாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே அது உதவுகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். சராசரியாக நாளொன்றுக்கு 49 உயிர்கள்! விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம் பெற்றது.

ஒழுங்கிற்குப் பெயர்பெற்ற ஜப்பானும் ஒரு காலத்தில் இத்தகைய நிலையில்தான் இருந்தது. 1970இல் அந்நாட்டில், விபத்து நேர்ந்த 24 மணி நேரத்திற்குள் இறந்தோர் மட்டும் 16,765 பேர். அந்நிலையை அந்நாட்டினர் 'போக்குவரத்துப் போர்' என்றே அழைத்தனர். அதே ஆண்டில் போக்குவரத்துப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நடைபாதைகளும் சைகை விளக்குகளும் பெருகின. பள்ளிகளில் சாலையைக் கடக்கும் முறை கற்பிக்கப்பட்டது. வாகனங்கள் பன்மடங்கு பெருகிய பின்னரும், அதே கணக்கீட்டின்படி 2023இல் இறந்தோர் 2,678 பேரே. மக்கள் மாறப் பிறவிக்குணம் தடையாக இருக்கவில்லை.

சிங்கப்பூரில் விதி மீறும் ஓட்டுநர்க்குத் தண்டப் புள்ளிகள் இடப்படுகின்றன. 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் நிறுத்திவைக்கப்படும். அங்கு வாகனம் ஓட்டும் தமிழரும் இந்த ஒழுங்கிற்கு உட்பட்டே ஓட்டுகின்றனர். சுவீடனோ மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. மனிதர் தவறு செய்வது இயல்பு. அத்தவறு உயிரைப் பறிக்காத வகையில் சாலையை அமைப்பதே அரசின் கடமை என்னும் கொள்கையை அந்நாட்டு நாடாளுமன்றம் 1997இல் ஏற்றது.

இவ்விரு பாடங்களும் தாம்பரத்திற்கும் பொருந்தும். நடைபாதை கடைகளுக்கு இடமாகிவிட்டால் நடப்போர் சாலையில்தான் இறங்குவர். கடக்கும் கோடுகள் அழிந்திருந்தால் ஓட்டுநர் எங்கே நிற்பார்? மக்களைக் குறைகூறுமுன் இவற்றைச் சீர்செய்தல் வேண்டும். விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், இதே நெடுஞ்சாலையில் அமைந்த மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பெற்றது. போற்றத்தக்க திட்டம் அது. எனினும், விபத்து நேர்ந்த பின்னரே அதன் பணி தொடங்குகிறது.

சாலை சீரானாலும் ஓட்டுநரின் கடமை குறைவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கைப்பேசியை ஒரு நொடி நோக்கும் ஓட்டுநர் அத்தொலைவைப் பாராமலே கடக்கிறார். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என இயற்பியல் வகுப்பில் பயிலும் மாணவர், அவ்விதி சாலையிலும் விலக்கின்றிச் செயற்படுவதை உணர வேண்டும். உரிமம் பெறும் வயதை எட்டாத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோர்க்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிசெய்கிறது. பிள்ளையின் விருப்பத்திற்கு இணங்கி வண்டிச் சாவியைக் கொடுப்பது அன்பாகாது.

ஜப்பானின் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. ஒரு தலைமுறை முழுதும் முயன்றதால் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் அம்முயற்சியைத் தொடங்க வேண்டிய தலைமுறை இன்று பள்ளியில் பயில்கிறது. தலைக்கவசம் அணிதல், எதிர்த்திசையில் செல்லாதிருத்தல், நடப்போர்க்கு நின்று வழிவிடுதல் ஆகிய மூன்றையும் அது இன்றே பழக்கமாக்கிக் கொள்ளலாம்.