சாவி கைக்கு வந்தால் போதுமா?

மும்பையில் சொந்தக் கார் என்பது ஒரு காலத்தில் பெரிய மனிதர்களுக்கே உரியதாக இருந்தது. இன்று தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடியிருக்கும் தமிழ்க் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும்கூடப் பழைய கார் ஒன்றை வாங்கி விடுகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய முன்னேற்றமே. ஆனால் சேமநிதியிலும் சீட்டுப் பணத்திலும் சேர்த்த தொகை எந்த நம்பிக்கையின் பேரில் கைமாறுகிறது என்பதைப் பார்த்தால் கவலையே மிஞ்சுகிறது.

பெரிய கம்பெனிகளில் விலை அதிகம் என்று எண்ணுவோர், நாலைந்து கார்களை நிறுத்தி வியாபாரம் செய்யும் சிறு வியாபாரியிடம் போகிறார்கள். இதில் தவறில்லை. சிறு வியாபாரிகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால் அவர் நெல்லைச் சீமைக்காரராக இருந்து விட்டால், காகிதங்களைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று வாங்குபவர் நினைத்து விடுகிறார். “ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, நீங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க” என்ற ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிந்து விடுகிறது.

எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்கைக்கூட அழைத்து வருகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

ஊர்க் கோயில் கொடைக்குக் குடும்பத்தோடு புறப்படும்போதோ, அவசரத்துக்கு வண்டியை விற்கப் போகும்போதோதான் உண்மை தெரிகிறது. வண்டி இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். அவர் வாங்கிய கடன் தீராமல் அடமானமும் நிற்கும். கடன் கொடுத்தவர்கள் வண்டியைக் கொண்டு போய்விட்டால், முழுப் பணமும் கொடுத்தவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். வியாபாரியைத் தேடிப் போனால் அந்த இடத்தில் வேறு கடை இருக்கும்.

விற்றவருக்கும் நிம்மதி இல்லை. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. வண்டியை என்றோ விற்று விட்டேன் என்று சொல்வது போதாது.

சட்டத்தில் குறை இல்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கென 29, 30-ம் எண் படிவங்கள் இருக்கின்றன. அடமானத்தை நீக்க 35-ம் எண் படிவம். வேறு மாநிலத்து வண்டியானால் அங்கிருந்து ஆட்சேபணையில்லாச் சான்றும் வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வியாபாரிகளுக்கும் விதிகள் வந்து விட்டன. பழைய வண்டி வியாபாரி போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்து வருடங்களுக்குச் செல்லும். சொந்தக்காரர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை 29-சி படிவத்தில் தெரிவித்து விட்டால், மறுபடி விற்கும்வரை அந்த வண்டிக்கு வியாபாரியே பொறுப்பு. ஆகவே, “சான்றைக் காட்டுங்கள்” என்று கேட்பது சண்டைக்கு இழுப்பதல்ல, வாங்குபவரின் உரிமை. நாணயமான வியாபாரி அதற்குக் கோபிக்க மாட்டார்.

முன்பணம் கொடுக்கும் முன்பே வண்டியின் நம்பரை அரசின் பரிவாகன் செயலியில் போட்டுப் பார்ப்பது நல்லது. எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகே தருவதாக எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். “கைமுதல் முடங்குமே” என்று சிறு வியாபாரி முறையிடலாம். அவருடைய கஷ்டம் உண்மையே. ஆனால் அவருக்கு முடங்குவது சில வாரத்து முதல். வாங்குபவருக்குப் போவது பல வருடச் சேமிப்பு.

அதிகாரிகளும் விதியை ஏட்டோடு விட்டு விடாமல், அங்கீகாரம் பெறாத கடைகளைச் சோதிக்க வேண்டும். ஆங்கிலப் படிவங்களைக் கண்டு மலைக்கும் தொழிலாளர்களுக்குத் தமிழ்ச் சங்கங்கள் வாரத்தில் ஒரு மாலை உதவினால் அது பெரும் தொண்டாகும்.

ஊர்ப் பாசம் போற்றத்தக்கதே. ஆனால் பாசத்துக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் முத்திரை குத்துவதில்லை. சாவி கைக்கு வந்த அன்றல்ல, ஆர்.சி.யில் பெயர் ஏறிய அன்றுதான் கார் சொந்தமாகிறது.