7 டொலர் 86 சதம்

போன கிழமை பக்கத்து வீட்டு மாமி ஒரு கடிதத்தோட வந்து நிண்டா. "தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. காசு கட்டச் சொல்லிக் கிடக்கோ?"

உறையைப் பாத்தவுடனை விளங்கீட்டுது. முதல்நாள் எனக்கும் அதே கடிதம் வந்தது. அனுப்பின கொம்பனியின்ர பேர் வேண்டாம், விடுங்கோ. எல்லாக் கொம்பனியும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுறாங்கள். "உங்கள் தனியுரிமையை நாங்கள் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம்" எண்டு தொடங்குவாங்கள். மூண்டாம் பந்தியிலதான் விசயம் வரும்: ஆரோ கணினிக்குள்ள பூந்து பேர், பிறந்த தேதி, விலாசம், சின் நம்பர் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டான். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். ஒரு வருசத்துக்குக் கிரெடிட் கண்காணிப்பு இலவசம். நன்றி, வணக்கம்.

மாமிக்கு விளங்கப்படுத்தினன். அவ சிரிச்சா. "காசு கட்டத் தேவையில்லையெண்டாச் சரி. எங்களிட்டை என்ன கிடக்குத் தம்பி களவெடுக்க?" எண்டு சொல்லிப்போட்டுக் குப்பைவாளியைத் தேடினா. நான் கடிதத்தைப் பறிச்சு வைச்சிட்டன்.

மாமியைப் போலத்தான் எங்கட சனத்தில முக்கால்வாசியும். கொம்பனியளுக்கும் அது நல்லாத் தெரியும். அந்தக் கோவத்திலதான் இதை எழுதுறன்.

முதல்ல நீதிமன்றக் கதையைச் சொல்லுறன். 2012இல ஒன்ராரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. வங்கியில வேலை செய்த ஒரு பெண், அதே வங்கியில வேலை செய்த இன்னொரு பெண்ணின்ர கணக்கை நாலு வருசமா, குறைஞ்சது 174 தரம், களவாப் பாத்திருக்கிறா. ஒரு சதம் எடுக்கேல்லை. எண்டாலும் நீதிமன்றம் 10,000 டொலர் கொடுக்கச் சொன்னது. காசு போகாட்டிலும், ஒருத்தரின்ர அந்தரங்கத்துக்குள்ள பூந்ததே குற்றம் எண்டு சட்டம் ஏற்றுக்கொண்டது.

அப்ப எங்கட தகவலைப் பறிகொடுத்த கொம்பனியிட்டையும் இதே மாதிரிக் கேக்கலாம்தானே எண்டு லோயர்மார் வழக்குப் போட்டிச்சினம். 2022 நவம்பரில அதே நீதிமன்றம் கதவைச் சாத்தீட்டுது. ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன், மரியொட் எண்டு மூண்டு வழக்கு. மூண்டுக்கும் ஒரே பதில்: உள்ளுக்கு வந்தது ஊடுருவினவன், கொம்பனி இல்லை. கொம்பனி கவலையீனமா இருந்திருக்கலாம், ஆனா "பூந்தது" எண்டு சொல்லேலாது. கவலையீனத்துக்கு வழக்குப் போடலாம், ஆனா உனக்கு நட்டம் எவ்வளவு எண்டு காட்டு. அடுத்த வருசம் கனடா உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டைக் கேக்க மாட்டன் எண்டிட்டுது.

இதை எங்கட பாணியில சொல்லுறன். நீங்கள் தாலிக்கொடியைக் கொண்டுபோய்க் கடையில அடைவு வைக்கிறியள். கடைக்காரன் பின்கதவைப் பூட்டாமல் வீட்டை போட்டான். கள்ளன் வந்து எடுத்துக்கொண்டு போட்டான். நீங்கள் போய்க் கேட்டால் கடைக்காரன், "நானோ களவெடுத்தனான்? கள்ளனைப் போய்ப் பிடியுங்கோ" எண்டால் விடுவியளோ? கடையை நொருக்கிப்போடமாட்டியளோ?

"கொம்பனியளும் பாதிக்கப்பட்டவைதானே" எண்டு சிலபேர் நியாயம் கதைப்பினம். லைஃப்லாப்ஸைப் பாருங்கோ. இரத்தம் சோதிக்கிற கொம்பனி. 2019 டிசம்பரில, 1.5 கோடிப் பேர் மட்டில அவையின்ர தகவல் களவு போனது எண்டு அறிவிச்சது. பெரும்பாலும் ஒன்ராரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா ஆக்கள். களவெடுத்தவனுக்குக் காசும் குடுத்தது. இரண்டு மாகாண ஆணையாளர்மாரும் சேர்ந்து விசாரிச்சு 2020 ஜூனில அறிக்கையை முடிச்சிட்டினம். தகவலைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கேல்லை, தேவைக்கு மிஞ்சித் தகவல் சேர்த்து வைச்சிருந்தது எண்டு அதில சொல்லிக் கிடக்கு. அந்த அறிக்கையை வெளியில விடக்கூடாது எண்டு கொம்பனி நாலு வருசம் கோர்ட் ஏறினது. 2024 நவம்பரிலதான் சனம் அதைக் கண்ணால கண்டது. எங்கட இரகசியத்தைக் காப்பாத்தத் தெரியாதவை தங்கட இரகசியத்தை எவ்வளவு கவனமாக் காப்பாத்தியிருக்கினம் பாருங்கோ!

அந்தக் கூட்டு வழக்கு 2023இல சமாதானமா முடிஞ்சது. ஆகக்கூடினது 98 லட்சம் டொலர். தலைக்கு 50இல இருந்து 150 டொலர் வரலாம் எண்டு முதல்ல கதை. 9 லட்சம் பேருக்கு மேல விண்ணப்பிச்சினம். லோயர்மாரின்ர கூலி, நிர்வாகச் செலவு எல்லாம் போக, 2024இல ஒருத்தருக்கு வந்தது 7 டொலர் 86 சதம். காசோலையா எடுத்தவைக்கு அதிலயும் 2 டொலர் கழிவு. அந்தக் காசுக்கு ரெண்டு பேர் கொத்துரொட்டி சாப்பிடேலாது.

எங்களுக்கு நட்டமில்லை எண்டுதான் சட்டம் நினைக்குது. பாஸ்வேர்டை மாத்தலாம், கார்டை மாத்தலாம். பிறந்த தேதியை மாத்தேலுமோ? கண்காணிப்பு ஒரு வருசத்துக்கு, தகவல் சாகும்வரைக்கும் வெளியில. ஐஞ்சு வருசத்தால மாமிக்கு ஒருத்தன் ஃபோன் அடிச்சு, சின் நம்பரைச் சரியாச் சொல்லி, "வரித் திணைக்களம்" எண்டு வெருட்டிக் காசு பறிச்சால், அது இந்தக் கொம்பனியால போன தகவல்தான் எண்டு மாமி எப்பிடி நிரூபிப்பா?

"எங்களிட்டை என்ன கிடக்கு" எண்டதுக்கும் ஒரு பதில் வைச்சிருக்கிறன். 1983 ஜூலையில கொழும்பில வந்தவங்களின்ர கையில வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டு அவங்களுக்கு அதில தெரிஞ்சது. பேரும் விலாசமும் மட்டும்தான், வேறை ஒண்டுமில்லை. கனடாவும் கொழும்பும் ஒண்டெண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா பேரும் விலாசமும் பிழையான கைக்குப் போனால் என்ன நடக்கும் எண்டு தெரிஞ்ச சனம் "பரவாயில்லை" எண்டு சொல்லக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

1) கடிதத்தை உறையோட வைச்சிருங்கோ. அதால வந்த செலவு, லீவு எடுத்த நாள், ஃபோன் எடுத்த நேரம் எல்லாத்தையும் எழுதி வையுங்கோ. ஒன்ராரியோவில பொதுவா 2 வருசத்துக்குள்ள வழக்குப் போடவேணும்.

2) ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ரெண்டையும் கூப்பிட்டு உங்கட பேருக்கு மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கோ. (2017இல ஈக்விஃபாக்ஸே அமெரிக்காவில 14.7 கோடிப் பேரின்ரயும் கனடாவில 19,000 பேர் மட்டிலயும் தகவலைப் பறிகொடுத்தது. அவையிட்டைத்தான் காவல் கேக்கவேண்டிக் கிடக்கு!)

3) தனியுரிமை ஆணையாளரிட்டை முறைப்பாடு செய்யுங்கோ. காசில்லை, லோயர் தேவையில்லை. அவரால தண்டப்பணம் போடேலாது. ஆனா அவரின்ர அறிக்கை வந்து ஒரு வருசத்துக்குள்ள நீங்கள் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய் நட்டஈடு கேக்கலாம். 2013இல கேளாமல் கிரெடிட் பாத்ததுக்காக பெல் டிவி ஒரு வாடிக்கையாளருக்கு, வழக்குச் செலவோட, 21,000 டொலர் கட்டவேண்டி வந்தது. ஒரு தனி மனிசன் கேட்டு வாங்கினது.

4) உண்மையிலயே காசு போயிருந்தால் ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கு. ஒன்ராரியோவில 2025 ஒக்டோபரில இருந்து 50,000 டொலர் வரைக்கும் கேக்கலாம்.

5) கூட்டு வழக்கில பொதுவா நீங்கள் தானாகவே சேர்ந்துதான் இருப்பியள். ஆனா சமாதானம் வந்தவுடனை படிவம் நிரப்பினால்தான் காசு. நிரப்பாட்டில் காசும் இல்லை, பேந்து தனியா வழக்குப் போடுற உரிமையும் இல்லை. பெரிய நட்டம் உள்ளவை தேதிக்குள்ள விலகிக்கொள்ளுறதைப் பற்றி ஒரு லோயரிட்டைக் கேளுங்கோ.

இதெல்லாம் இப்ப இருக்கிற சட்டத்துக்குள்ள. எனக்கு அது காணாது. கியூபெக்கில 2023 செப்டெம்பரில இருந்து, வேணுமெண்டோ படு கவலையீனமாவோ சட்டத்தை மீறின கொம்பனி குறைஞ்சது 1,000 டொலர் தண்டனை நட்டஈடு கொடுக்கவேணும் எண்டு எழுதிவைச்சிருக்கினம். ஆளுக்கு 1,000. மொன்றியலில இருக்கிற சித்தப்பாவுக்கு உள்ள உரிமை ஸ்காபரோவில இருக்கிற மாமிக்கு ஏன் இல்லை? ஒட்டாவாவில புதுச் சட்டம் கொண்டுவாறம் எண்டு ரெண்டு தரம் வெளிக்கிட்டினம். ஒண்டு 2021 தேர்தலோட செத்தது, மற்றது 2025 ஜனவரியில பாராளுமன்றத்தை ஒத்திவைக்கேக்கை செத்தது.

ஒவ்வொரு ஜனவரியும் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து "வணக்கம்" சொல்லுற எம்.பி.மார் இருக்கினமெல்லே? படம் எடுத்து முடிஞ்சவுடனை அந்த 1,000 டொலரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கோ. நட்டத்தை நிரூபி எண்டு சனத்திட்டைக் கேக்கிற சட்டம், பூட்டினனியோ எண்டு கொம்பனியிட்டைக் கேக்கவேணும். ஆளுக்கு 1,000 டொலர் போகும் எண்டு தெரிஞ்சால் அவங்கள் தாங்களாகவே பூட்டுவாங்கள்.

மாமியின்ர கடிதம் இப்ப அவவின்ர ஃபிரிட்ஜில காந்தத்தால ஒட்டிக் கிடக்குது. நேற்றுக் கேட்டா, "தம்பி, அந்த முறைப்பாட்டை எப்ப எழுதுவம்?" சனிக்கிழமை எழுதப்போறம். அவவின்ரதும் என்ரதும்.

பி.கு: நான் லோயர் இல்லை. வாசிச்சு அறிஞ்சதைத்தான் எழுதியிருக்கிறன். காசு போனவை கட்டாயம் ஒரு லோயரைக் காணுங்கோ.