சலங்கை கட்டலாமா?



தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வந்திருந்த தோட்டத்துத் தாய் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணுக்கு டான்ஸுன்னா உசிரும்மா. நம்ம குடும்பத்துக்கு எதுக்கு இந்த ஆட்டம்னு எங்க மாமி தடுக்கிறாங்க" என்றார்.

இதே பேச்சை மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியும் கேட்டவர்தாம். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935-இல் சென்னை அடையாற்றில் அவர் மேடையேறியபோது வயது 31. பிராமணப் பெண் சதிர் ஆடுவதா என்று ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. அவர் அசரவில்லை. மறு ஆண்டே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1986-இல் கண்மூடும் வரை, ஐம்பது ஆண்டுகள் அதுவே அவர் வாழ்க்கை. ஆட்டம் மட்டுமா? பாட்டும் உண்டு, தறியும் உண்டு. சேலைகூட அங்கேயே நெய்தார்கள்! 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் ஜனாதிபதி பதவிக்கு நிற்கச் சொன்னார். அம்மையார் மறுத்துவிட்டார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசை வேளாளர் குடும்பங்கள். அந்தப் பெண்களைத் தூற்றிய சமூகமே, மற்றவர் ஆடியபோது கைதட்டியது. ருக்மிணி தேவி செய்த மாற்றங்களைப் பாலசரஸ்வதி அம்மையார் ஒப்பவே இல்லை. அந்த வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

நம் நாட்டிலும் 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது, பினாங்கிலும் கற்றுத்தருகிறார்கள். அந்தத் தாயிடம் அதைச் சொன்னேன். மாமியையும் அழைத்துப்போய் ஒரு நாள் வகுப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.